ஒரே மாதிரி மூன்று டம்ளர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தப்பா, உன் மகள் மேனேஜர் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு உன் மாத்திரையைப் போட்டு, அந்தத் தையல் மிஷின் முன்னால் முதுகு வலிக்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன், இல்லையென்றால் ஒரு வரி ஓடாது. தினமும் சாயங்காலம் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேச முடியாத சங்கதி அம்மாடி. இந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பவள் உன் மகள், அந்தப் பக்கம் உன் ஹாஸ்டல் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு உன்னோடு வேலை பார்க்கிற பெண்கள், நடுவில் நான் எதைச் சொல்ல, எதை விட. அதனால் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே கண்ணாடியில் ஒரு கிழவனும் எழுதிக்கொண்டிருக்கிறான், முகத்தில் நாலு நாள் தாடி. பார்த்தால் நீ திட்டுவாய், "ஊருக்கெல்லாம் ஷேவ் பண்ணி விடுறீங்க, உங்க மூஞ்சி மட்டும் காடா கெடக்கு" என்று. உன் ஊர்ப் பக்கம் சரக்கு ஏற்றிப் போகிற லாரிக்காரர் என் வாடிக்கைக்காரர், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். எச்.ஐ.வி. என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் இந்த ஒரு இடத்தில்தான் எழுதுவேன், இனிமேல் கிருமி என்றுதான் எழுதுவேன், நீ புரிந்துகொள்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். மேனேஜருக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, விழுந்த பல்லை என் சீப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டு "பத்திரம்" என்று உத்தரவு போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வராவிட்டால் வகுப்பை இவளே வரிசையில் நிறுத்துகிறாளாம், டீச்சர் வந்த பிறகும் பிள்ளைகள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்களாம். சடை பின்னுவது இன்னும் உன் சித்தப்பாதான். காலமெல்லாம் தலைமுடியோடு குடும்பம் நடத்தினவன் நான், எனக்கு வெட்டத்தான் வரும், பின்ன வரவில்லை. அவன் குடோனில் மூட்டை கட்டுகிற கயிற்றை வைத்துப் பழகிக்கொண்டு வந்தான், ராத்திரிக் காவலுக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேலை. பின்னல் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, அவிழ்க்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். கடையில் இரண்டாவது நாற்காலிக்கு இருந்த ஆள் குளுகுளு வசதி வைத்த புதுக் கடைக்குப் போய்விட்டான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் காலையிலிருந்து இருட்டும் வரை நான் ஒருவனே நிற்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கால் என் கால் மாதிரியே இல்லை. மழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து நாக்கில் ருசி போனது போனதுதான், இன்னும் திரும்பவில்லை. குழம்பில் உப்பைக் குத்துமதிப்பாகப் போடுகிறேன். உன் சித்தப்பா வாய் திறக்காமல் சாப்பிடுகிறான், நான்தான் அவன் முகத்தைப் பார்த்து உப்பு கூடுதலா குறைச்சலா என்று தெரிந்துகொள்கிறேன். களைப்பாக இருக்கிறது கண்ணு. இதை மறைக்க இப்போது எனக்குத் தெம்பில்லை, மறைக்கவும் கூடாது, ஏனென்றால் சொல்லப்போகிற விஷயமே இந்தக் களைப்பிலிருந்துதான் கிளம்பியது.

போன தடவை குழந்தைக்கு ரத்தம் பார்த்ததில் எண்ணிக்கை ஏறிவிட்டது என்று சொன்னேன் இல்லையா. கருவியில் பிடிபடாத அளவுக்கு இறங்கியிருந்த கிருமி திரும்பவும் தலை தூக்கியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அன்றைக்கு நீ போனில் என்னிடம், "மருந்து குடுக்க மறந்துட்டீங்களாப்பா" என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை, பெற்றவள் கேட்காமல் யார் கேட்பது. ஆனால் எனக்கு வலித்தது. அன்று முழுக்க வாடிக்கைக்காரர்களிடம் சரியாகப் பேசவில்லை, ஒருத்தருக்கு மீசையில் ஒரு பக்கம் கூடவே போய்விட்டது. நீ இங்கிருந்து போன நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட மாத்திரையைக் கரைக்காமல் இருந்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கரைத்திருக்கிறேன். அப்படியானால் எப்படி ஏறும்? குழந்தை யாருக்கும் தெரியாமல் துப்புகிறாளோ என்று நான் சந்தேகப்பட்டேன். மாத்திரை டப்பா வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்று உன் சித்தப்பா சொன்னான். என்னைத்தான் நீ சந்தேகப்பட்டாய். மூன்று பேரும் மூன்று திசையில் தேடினோம், நாலாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

நம் வீட்டு டம்ளர் ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான், நீயும் அதில் ஒரு ஆள். இருந்தாலும் கோர்வையாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நீ வேலைக்குப் போன புதிதில் குழந்தை மருந்தைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்வாள், உள்ளே போனது வெளியே வரும், என் சட்டை, தரை, உன் சித்தப்பாவின் சீருடை எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு. "எனக்கு மட்டும் ஏன்" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த வயசில் என்ன பதில் சொல்வது? அப்போது உன் சித்தப்பாதான் சொன்னான், "நாமளும் குடிப்போம்ண்ணே, அப்ப எப்படிக் கேக்குறான்னு பாப்போம்" என்று. ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியக்கூடாது. ஒன்றில் அவளுடைய மாத்திரை தண்ணீரில் கரையும், மற்ற இரண்டில் கடையில் வாங்கிய சத்து மாத்திரையைப் பொடித்துக் கரைப்பேன், எங்களுக்கும் முகம் கோணவேண்டும் அல்லவா. போனில் நீ, பவுடர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்த உன் மாத்திரையோடு. நாலு பேரும் ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டு விழாமல் காட்டவேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் அவள். அடுப்படியிலிருந்து தட்டில் வைத்துத் தூக்கிவந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுப்பதும் அவள்தான், அப்படித்தானே மேனேஜர் என்ற பெயரே வந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு ஆலோசனை சொல்கிற அம்மா மற்றக் குடும்பங்களுக்கும் எடுத்துச் சொன்னார். இரண்டு கிழவர்களுக்கும் தலைகால் புரியவில்லை.

இப்போது போனில் பாதி சொல்லி விட்ட ஊசி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளை வளர்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவேண்டும், வாருங்கள் என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். நடைவழிக் கோடியில், எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு அப்புறம் இருக்கிறதே, வாசலில் பலகை இல்லாத அந்த அறை. நாங்கள் பெரியவர்கள் பெஞ்சில், குழந்தைகள் மூலையில் பாய் விரித்து நர்ஸோடு விளையாட்டில். தினமும் குடிக்கிற மருந்துக்குப் பதிலாகச் சில மாதத்துக்கு ஒரு தடவை தொடையில் ஊசி, அது உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யுமாம். பெரியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். காய்கறி விற்கிற ஒரு பெண், இறந்துபோன அக்காவின் பையனை வளர்க்கிறாள், அவள்தான் முதலில் எழுந்தாள். "வீட்டுக்காரம்மா வந்தா மருந்து டப்பாவ அரிசிக்குள்ள பொதைக்கிறேன். ஒரு நாள் அவங்களே அரிசி நல்லாருக்கான்னு கைய விட்டுட்டாங்க, பூச்சி மாத்திரைன்னு சொல்லித் தப்பிச்சேன். ஊசின்னா பொதைக்க ஒண்ணும் இருக்காதுல்ல, இன்னைக்கே போடுங்க" என்றாள். பக்கத்திலேயே ஒரு பஸ் கண்டக்டர், மகளை மடியில் வைத்திருந்தவர், "மாத்திரை ஒத்துக்கலன்னா நாளைக்கே நிறுத்திக்கலாம். ஊசி ஒத்துக்கலன்னா உள்ள போனத எப்படி எடுப்பீங்க? ஏறுன ஆள எறக்கிவிட முடியாத பஸ்ஸு அது" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, டாக்டரும் அப்படித்தான் சொன்னார், எடுக்க முடியாது, அதனால்தான் முதலில் கொஞ்ச நாள் அதே மருந்தை வாயால் கொடுத்துப் பார்ப்போம் என்றார். இன்னொரு பெண், உன் வயசுதான் இருக்கும், கடைசியில், "எம்புள்ள ஊசின்னா வாசல்லயே படுத்துப் பொரளுவான். அவன நான்தான் அமுக்கிப் புடிக்கணும். இதைக் குடுத்ததும் நான்தான், அமுக்கிப் புடிக்கிறதும் நான்தானா" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் இப்படி எத்தனை தடவை உன்னையே குத்திக்கொண்டிருப்பாய். அவரவர் அறியாமல் வந்ததற்கு அவரவரைச் சபித்துக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, ஆனால் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய ஆள் நீ.

என் முறை வந்தது. நான் என்ன சொல்வேன் என்று நினைக்கிறாய்? கடையில் நான் ஒவ்வொருத்தருக்கும் கண்ணெதிரே பிளேடை உடைத்து மாட்டுகிறேன், அப்படியும் ஒருத்தர், "புதுசுதானே? இப்பல்லாம் எது எங்கேருந்து ஒட்டும்னே தெரியல" என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தைக் காட்டுகிறார். வீட்டு விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாள் இந்தக் கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் இருக்கும். அதைச் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஊசி வந்தா எனக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கூசிப்போனேன், குழந்தையின் உயிரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கிழவன் தன் ஓய்வைப் பற்றிப் பேசுகிறானே என்று. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காய்கறிக்காரப் பெண் மெதுவாக, "அதத்தான் பெரியவரே நானும் சொல்ல வந்தேன், வெக்கமா இருந்துச்சு" என்றாள். கண்டக்டர்கூடத் தலையை ஆட்டினார். ஒரு நாள், ஒரே ஒரு சாயங்காலம் அந்த மாத்திரையைப் பற்றி நினைக்காமல் இருக்க வேண்டும், அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இருந்த ஆசை அதுதான். இது தப்பா, சொல்.

அந்த நேரத்தில்தான் மூலையில் நர்ஸ் பிள்ளைகளிடம், "இனிமே தினம் தினம் மருந்து குடிக்க வேணாம், ஜாலியா" என்று கேட்டிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்தினார்கள். நம் மேனேஜர் மட்டும் விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். ஊசிக்குப் பயந்து அழுகிறாள் என்று நான் எழுந்து ஓடினேன். தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வலிக்காதுடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ஊசின்னா நான் தாத்தாவுக்கு எப்படிக் குடுக்கறது?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸுக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நைசாக ஒவ்வொன்றாகக் கேட்டாள், எல்லாம் வெளியே வந்தது.

ஆலோசனை சொல்கிற அம்மா முன்னே ஒரு தடவை குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார், உன் உடம்புக்குள்ளே சின்னத் தாத்தா மாதிரி நிறைய காவல்காரர்கள் இருக்கிறார்கள், இந்த மருந்து குடித்தால் அவர்கள் தூங்கமாட்டார்கள் என்று. நல்ல விளக்கம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வீட்டில் நிஜமாகவே ஒரு காவல்காரன் இருக்கிறானே. சின்னத் தாத்தா ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார், அவருக்குக் குறையில்லை. பெரிய தாத்தாதான் கடையிலிருந்து வந்து உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கித் தூங்குகிறார், ஆகவே அவருடைய காவல்காரர்கள் எல்லாம் தூங்கிப்போய்விட்டார்கள், இது அவள் போட்ட கணக்கு. தாத்தாவுடைய மருந்து கடையில் வாங்குவது, தன்னுடையது ஆஸ்பத்திரியில் கொடுப்பது, ஆஸ்பத்திரி மருந்துக்குத்தான் வேகம் அதிகம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டம்ளர் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம், அடியில் மணல் மாதிரித் தங்குவது தன்னுடையது என்று அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். அடுப்படியிலிருந்து தட்டைத் தூக்கிவருகிற வழியில், நான் கண்ணயர்ந்திருந்த நாளெல்லாம், டம்ளரை மாற்றி வைத்திருக்கிறாள். கடையில் உதவிக்கு இருந்த ஆள் போன பிறகு நான் கண்ணயராத நாள் ஏது. நாக்கில் ருசி இருந்திருந்தால் முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய மருந்தை நான் குடித்திருக்கிறேன், என் சத்துத் தண்ணீரை அவள் குடித்திருக்கிறாள், நாலு பேரும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, நீ அங்கிருந்து கைதட்டியிருக்கிறாய். கள்ளத்தனம் என்று அவளைச் சொல்ல முடியுமா? கள்ளத்தனத்தைச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தானே. நர்ஸ் அவளிடம், உன் மருந்தைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டாள். அதற்கு அவள் என் பக்கம் திரும்பி, "எனக்கு அம்மா இருக்காங்கல்ல. உனக்கு யாரு இருக்கா" என்றாள். உன் அம்மா இறந்தபோது இவள் பிறக்கவே இல்லை. நான் அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் அழுதேன், வெட்கமாகக்கூட இல்லை.

டாக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் கோபித்தார், அப்புறம் எனக்கும் ரத்தம் எடுத்தார். எனக்கு ஒன்றும் கெடுதல் இல்லையாம், பயப்படாதே. குழந்தைக்குத்தான் மருந்து விட்டு விட்டுப் போனதால் கிருமி பழகிக்கொண்டுவிட்டதா என்று தனியாக ஒரு சோதனை செய்தார்கள், நேற்று சொல்லிவிட்டார்கள், பழகவில்லை, தப்பித்தோம். இதே மருந்தை ஒழுங்காகக் குடித்து எண்ணிக்கை பழையபடி இறங்கட்டும், இறங்கிய பிறகு ஊசியைப் பற்றி முடிவு செய்யலாம், ஆனால் தாய் சம்மதிக்காமல் பேர் சேர்க்கமாட்டோம் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன், இந்த மருந்து உன் உடம்புக்கென்றே செய்தது, எங்கள் உடம்புக்கு அது தேவையில்லை, நாங்கள் குடித்ததெல்லாம் உனக்குத் துணைக்கு என்று. "அப்ப இத்தன நாளா பொய்யா" என்று கேட்டுவிட்டு என்னோடும் சித்தப்பாவோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். போனில் உன்னிடம் மட்டும் சிரித்தாளே, அது அந்தக் கோபத்தின் நடுவில்தான். உன் சித்தப்பா குடோனிலிருந்து விசில் கொண்டுவந்து லஞ்சம் கொடுத்துப் பார்த்தான், விசிலை வாங்கிக்கொண்டாள், கோபத்தை விடவில்லை. அப்புறம் அவளாகவே ஒரு நாள் மூன்று டம்ளரையும் எடுத்து வைத்து, பொய்யாக இருந்தாலும் எல்லோரும் குடிக்கவேண்டும், ஆனால் தாத்தா தூங்கக்கூடாது என்று புதுச் சட்டம் போட்டாள். இப்போது நான் அடுப்படியில் நின்றபடியே அவள் வாயில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற டம்ளரை நிரப்புகிறேன்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. அன்றைக்குப் போனில் நான் ஊசி என்று பாதிதான் சொன்னேன், நீ முழுசாகக் கேட்காமலே, "ஊசியெல்லாம் வேணாம்ப்பா, குடிச்சுப் பழகிட்டா, அப்படியே இருக்கட்டும்" என்றாய். கண்டக்டரைப் போல நீயும் பயப்படுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது. குழந்தைக்கு மூச்சிரைப்பு, மருந்து குடிக்கும்போது அம்மா முகத்தைக் காட்டாவிட்டால் குடிக்கமாட்டாள் என்று சொல்லித்தானே உன் சூப்பர்வைசரிடம் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறாய். மிஷினிலிருந்து எழுந்து ஹாஸ்டல் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் மகளைப் பார்க்கிற நேரம் உனக்கு ஒரு நாளில் அது ஒன்றுதான். மருந்து நின்றுவிட்டால் அந்த நேரமும் போய்விடும் என்று பயப்படுகிறாய். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். சரியாக இருந்தால் மறைக்காதே அம்மா, எனக்கு உன் மேல் துளிக் கோபமில்லை. எனக்கும் அந்த நேரம்தான் நாளில் நல்ல நேரம். உன் சித்தப்பா டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துகொண்டே, உன் முகம் தெரிகிற வரைக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் குழந்தை வருஷம் முழுக்கக் கசப்பைக் குடிக்கவேண்டுமா என்பதை நீதான் யோசிக்கவேண்டும். ஊசியில் எல்லாம் தேன் என்று நான் சொல்லமாட்டேன். வலிக்கும், வீங்கும், போட்ட பிறகு எடுக்க முடியாது, தேதி தவறக்கூடாது, ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பலகையில்லாத அறைக்குப் போகவேண்டும், யார் கண்ணிலாவது படலாம். பிடித்துக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படாதே, முதல் முடி வெட்ட வருகிற எத்தனை பிள்ளைகளை நாற்காலிக் கைப்பிடியில் பலகை போட்டு உட்காரவைத்து, ஆடாமல் அசையாமல் கதை சொல்லிப் பிடித்திருக்கிறேன், என் கை அமுக்காது. இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி எங்கோ கூட்டிப்போனார்கள், இவளை நான் அனுப்பவில்லை, மருந்தை யாரிடம் கொடுத்தனுப்புவது, என்ன என்று சொல்வது. வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னேன், அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வயசாகிறது. அந்த மாத்திரையை நான் கரைக்க முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்கு யார் கரைப்பார்கள் என்று நீயும் நினைத்துப் பார்த்திருப்பாய். இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் நீ பெற்றவள், நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதே டம்ளரோடு என் கால் நிற்கிற வரைக்கும் நான் நிற்பேன், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

நீ சம்மதித்தால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மருந்து நிற்கலாம், டம்ளர் நிற்காது. மேனேஜரிடமே கேட்டுவிட்டேன், ஊசி போட்டுக்கொண்டால் சாயங்காலம் என்ன செய்வது என்று. "மூணு டம்ளர்லயும் பால் ஊத்து, அம்மா அவங்க மாத்திரையப் போடணும்ல, தனியா எப்படிப் போடுவாங்க" என்றாள். ஆகவே உன் சூப்பர்வைசரிடம் குழந்தைக்கு மூச்சிரைப்பு இன்னும் குணமாகவில்லை என்றே சொல். எத்தனை வருஷம் கேட்டாலும் குணமாகவில்லை என்று சொல். அந்தப் பொய்க்கு நானும் உன் சித்தப்பாவும் சாட்சி, தேவைப்பட்டால் போனில் இருமியும் காட்டுவோம்.

நீ நன்றாக இருக்கவேண்டும், நோய்நொடி உன்னைக் கண்டு ஒதுங்கிப் போகவேண்டும், உன் கையில் ஊசி நூல் ஓடுகிற மாதிரி உன் பிழைப்பும் சிக்கில்லாமல் ஓடவேண்டும், அதுதான் இந்த அப்பாவின் ஆசீர்வாதம். சித்தப்பாவும் ஆசி சொல்லச் சொன்னான். உன் மாத்திரையை ஒரு நாளும் விடாதே, ராத்திரி ஷிப்ட் போட்டால் சாப்பிடாமல் படுக்காதே. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, சுக்குநூறாகக் கிழி. மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போது நீ வாயால் பதில் சொல்ல முடியாது, அதனால் ஒரு வழி சொல்கிறேன். லாரிக்காரர் இதை உன்னிடம் சேர்த்த பிறகு, உனக்குச் சம்மதம் என்று படுகிற அன்றைக்கு, போனில் என் முகத்தைப் பார்த்து எப்போதும்போல "முதல்ல ஷேவ் பண்ணுங்கப்பா" என்று திட்டு, எனக்குப் புரிந்துவிடும். வேண்டாம் என்றால் திட்டாதே, அதுவும் எனக்குப் புரியும். அதுவரைக்கும் இந்தத் தாடி அப்படியே இருக்கும், வாடிக்கைக்காரர்கள் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
நீ திட்டுவதற்காகக் காத்திருக்கும்
உன் அப்பா